பிடியரிசியும் பெண்கள் சங்கமும்

நம் சபைகள் பலவற்றில் ஆண்டுக்கு ஒருமுறை பெண்கள் ஞாயிறு கொண்டாடப்படுகிறது. அன்று வேதபாடம் வாசிப்பவர் பெண். ஜெபத்தை ஏறெடுப்பவர் பெண். காணிக்கைப் பை எடுத்து வருபவர் பெண். பிரசங்க பீடத்தில் நிற்பவரும் பெண். ஆராதனை முடிந்ததும் ஆண்கள் மனமுவந்து பாராட்டுகிறார்கள். "நம்மைவிட ஒழுங்காக நடத்திவிட்டார்கள்" என்று வாசலில் நின்று சொல்லாத பெரியவர் இல்லை. மறு ஞாயிறு போய்ப் பார்த்தால் எல்லாம் பழையபடியே இருக்கும். அவ்வளவு ஒழுங்காக நடத்தத் தெரிந்தவர்களை மற்ற 51 ஞாயிறுகளும் எதற்காக வெறுமனே உட்கார வைத்திருக்கிறோம் என்று கேட்பாரைத்தான் காணோம்.

இம்மலரைப் படிப்போரில் கிறிஸ்தவரல்லாத நண்பர்களே மிகுதி. இது ஒரு மதத்தாரின் வீட்டு விவகாரம் என்று அவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். பெண்கள் ஐக்கிய சங்கம் என்பது ஒவ்வொரு சபையிலும் உள்ள பெண்களின் கூட்டம். வாரத்தில் ஒரு நாள் கூடி ஜெபிப்பார்கள். நோயாளிகளைப் போய்ப் பார்ப்பார்கள். ஏழைப் பெண்ணின் திருமணத்திற்குப் பணம் சேர்ப்பார்கள். அறுப்பின் பண்டிகைக்கும் அசனத்திற்கும் அண்டா அண்டாவாகச் சமைப்பார்கள். உழைப்பது ஒரு சாரார், தீர்மானிப்பது மற்றொரு சாரார் என்ற ஏற்பாடு ஆலயத்திற்குள் மட்டுமா இருக்கிறது? நம் சங்கத்தின் பொங்கல் விழாவில் கோலம் போட்டவர்கள் யார், வரவு செலவுப் புத்தகத்தை வைத்திருந்தவர்கள் யார் என்று எண்ணிப் பார்த்தால் நான் சொல்ல வருவது எல்லாருக்கும் விளங்கும்.

இந்த ஐதராபாத்திலிருந்து விஜயவாடா செல்லும் இரயிலில் வாரங்கல்லுக்கும் கம்மத்துக்கும் இடையே தோர்ணக்கல் சந்திப்பு வருகிறது. அங்கே இறங்கினால் ஆங்கிலத் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரான அசரியா கட்டிய பேராலயத்தைக் காணலாம். 1939-இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட கட்டடம். இந்து, இஸ்லாமியக் கட்டடக்கலைகளின் சாயல்களைக் கலந்து எழுப்பியது. அசரியா 1874-இல் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். 1903-இல் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கத்தின் மூலவர்களில் ஒருவர். 1909-இல் தெலுங்கு நாட்டிற்கு ஊழியத்திற்கு வந்தார், 1912-இல் பேராயரானார். இவற்றை நம்மவர் பெருமையோடு சொல்லுவர். அவரோடு வந்த அன்பு மரியம்மாளைப் பற்றிச் சொல்லுவோர் குறைவு. 1898-இல் அவரை மணந்த இந்த அம்மையார் அக்காலத்திலேயே கல்லூரிப் படியேறியவர். மொழி வேறு, மண் வேறு. சபையில் சேர்ந்தோரில் பெரும்பாலார் மாலா, மாதிகா குலத்துக் கூலியாட்கள். 1901-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி இந்தியப் பெண்களில் நூற்றுக்கு ஒருவர்கூட எழுத்தறிந்தவரல்லர் என்றால், அந்தக் குடிசைகளில் நிலைமை எப்படி இருந்திருக்கும் என்பதை நாமே ஊகிக்கலாம்.

தோர்ணக்கலில் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. ஊழியத்திற்குப் பயிற்சி பெற வந்த ஆண்கள் மனைவியரோடு வந்தார்கள், மனைவியரும் படித்தார்கள். கிராமத்திற்கு உபதேசியார் ஒருவர் போகிறார் என்றால் படிக்கத் தெரிந்த ஒரு பெண்ணும் போகிறாள் என்று பொருள். ஆண்கள் நுழைய முடியாத அடுப்பங்கரைக்குள் அவள் நுழைந்தாள். அந்தப் பெண்களின் பெயர்கள் நமக்கு வந்து சேரவில்லை. சேராமற் போனதற்குக் காரணம் அவர்கள் வேலை செய்யாதது அன்று, அறிக்கை எழுதும் வேலை அவர்களிடம் இல்லாததுதான்.

அங்கே வேரூன்றிய மற்றொரு பழக்கம் பிடியரிசி. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியாக ஒரு கலயத்தில் போட்டு, ஞாயிறன்று ஆலயத்திற்குக் கொண்டுபோவது. திருநெல்வேலிச் சபைகளிலும் இது உண்டு. நம் விடுதியிலுள்ள மிசோ மாணவி ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, "எங்கள் ஊரில் இதற்குப் புஃபாய் தாம் என்று பெயர்" என்றார். ஐஸால் நகரின் மிஷன் வெங் சபையில் 1910-இல் பெண்கள் தொடங்கிய வழக்கம் அது. இன்று மிசோரம் பிரஸ்பிட்டேரியன் சபைக்கு அந்த அரிசியிலிருந்து ஆண்டுதோறும் பல கோடி ரூபாய் சேருகிறது. அந்தப் பணம் மிஷனெரிகளை வடஇந்தியாவுக்கெல்லாம் அனுப்பியிருக்கிறது. ஆனால் 20-ஆம் நூற்றாண்டு முழுவதும் அதே சபை ஒரு பெண்ணுக்குக்கூடக் குருப்பட்டம் கொடுக்க இசையவில்லை.

அரிசி என்று ஏன் வந்தது? பெண்ணின் கையில் காசு இல்லை. வயல் அவள் பெயரில் இல்லை. கூலியை வாங்குபவன் கணவன். சந்தைக்குப் போகிறவனும் அவனே. அவள் ஆளுகைக்கு உட்பட்ட ஒரே பொருள் சமையலறைப் பானையில் இருந்த அரிசி. வீட்டில் எல்லாரும் உண்டபின் உண்பவள் அவள். ஆகவே உலையிலிருந்து குறைந்த அந்த ஒரு பிடி கணவன் தட்டிலும் குறையவில்லை, பிள்ளைகள் தட்டிலும் குறையவில்லை. பிடியரிசியைப் பற்றிய பிரசங்கங்கள் பல கேட்டிருக்கிறேன். அது யாருடைய பசியிலிருந்து எடுக்கப்பட்டது என்று ஒருவரும் சொல்லக் கேட்டதில்லை.

இதற்கு இணையாகவே ஓர் இந்தியப் பெண்மணி உலகத்துக்குக் கொடுத்த ஏற்பாடு ஒன்றுண்டு. சாந்தி சாலமோன் என்பவர் 1956-இல் ஆசிய நாடுகளில் சமாதானப் பயணம் மேற்கொண்ட பெண்கள் குழு ஒன்றில் இருந்தார். கொரியாவுக்குள் நுழைய அவருக்கு விசா கிடைக்கவில்லை. தோழியர் போய்வரும் வரையில் பிலிப்பைன்ஸில் தங்க நேர்ந்தது. அந்தத் தனிமையில் பிறந்த எண்ணம் இது: ஜெபிக்கும்போதெல்லாம் ஒவ்வொரு பெண்ணும் தன் நாட்டு நாணயத்தில் மிகச் சிறியதை எடுத்து வைக்கட்டும். எல்லை கடக்க ஆளுக்கு அனுமதி வேண்டும், ஜெபத்திற்கு வேண்டாமல்லவா? 1958-இல் ஆசியத் திருச்சபைப் பெண்கள் மாநாடு இதனை ஏற்றது. இன்று மிகச் சிறு காசு ஐக்கியம் பல நாடுகளில் வேரூன்றியிருக்கிறது. செல்வந்தர் வீட்டுப் பெண்ணும் கூலிக்காரப் பெண்ணும் ஒரே காசைத்தான் போட முடியும் என்பது அதன் அழகு. எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது மற்றொன்று. சேரும் பணத்தை எங்கே, எதற்குக் கொடுப்பது என்று முடிவு செய்வதும் பெண்களின் குழுவே. சேர்த்த கையே செலவிடுகிறது.

நம் ஊர்ச் சபைகளில் அப்படியா? என் பெரியம்மா ஒரு நகரத்துத் தமிழ்ச் சபையில் பெண்கள் சங்கத்தின் பொருளாளராகப் பத்தாண்டுக்கு மேல் இருந்தார். சபையின் பெயர் இங்கு வேண்டாம். தமிழ்நாட்டிலிருந்து வேலை தேடி வரும் பெண்கள் முதல் மாதம் தங்குவதற்கு ஆலய வளாகத்தில் இரண்டு அறைகள் கட்ட வேண்டும் என்பது சங்கத்தின் ஆசை. முறுக்கும் அதிரசமும் சுட்டு விற்றார்கள். தலையணை உறை தைத்து விற்றார்கள். வீட்டுக்கு வீடு உண்டியல் வைத்தார்கள். நான்கு ஆண்டுகளில் 1,86,000 ரூபாய் சேர்ந்தது. ஒவ்வொரு ரூபாயும் பெரியம்மாவின் நீல அட்டை நோட்டில் நாள் குறித்து எழுதப்பட்டிருந்தது. பணமோ சபையின் கணக்கில் இருந்தது. சபைக் கமிட்டி ஒரு மாலை கூடி, ஆலயத்தின் முன் மண்டபத்தைப் புதுப்பிக்கச் சங்கத்தின் நிதியையும் சேர்த்துக்கொள்ளுவது என்று தீர்மானித்துவிட்டது. அந்தக் கூட்டத்தில் இருந்த ஒரே பெண் என் பெரியம்மா. அறைகள் என்னாயிற்று என்று கேட்டார். "அம்மா, எல்லாம் கர்த்தருடைய பணந்தானே!" என்று ஒரு பெரியவர் அன்போடு சொன்னாராம்.

தம் மறுப்பைக் குறிப்பேட்டில் எழுதுமாறு பெரியம்மா கேட்டுக்கொண்டார். எழுதவில்லை. அவர் தம் நீல நோட்டில் எழுதிக்கொண்டார். மண்டபம் இன்று பளிங்குத் தரையோடு விளங்குகிறது. சுவரிலுள்ள கல்லில் கமிட்டி அங்கத்தினர் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. வேலை தேடி வரும் பெண்கள் இன்னும் யார் வீட்டுத் திண்ணையிலாவது பெட்டியை வைத்துக்கொண்டு விலாசம் விசாரிக்கிறார்கள்.

எல்லாம் கர்த்தருடைய பணம் என்பதை நான் மறுக்கவில்லை. அந்த வசனம் பெண்கள் சேர்த்த பணத்திற்கு மட்டும் ஏன் இத்தனை விரைவாக நினைவுக்கு வருகிறது என்பதே என் கேள்வி.

இப்படிப் பேசத் தொடங்கினால் இரண்டு திசைகளிலிருந்து மறுப்பு வருகிறது. முதலாவது, சபையில் பெண்கள் அமைதியாயிருக்க வேண்டும் என்று பவுல் அப்போஸ்தலர் கொரிந்தியருக்கு எழுதியிருக்கிறாரே என்பது. எழுதியிருக்கிறார். அதே நிருபத்தில், ஜெபிக்கும் பெண்ணும் தீர்க்கதரிசனம் சொல்லும் பெண்ணும் தலையை மூடிக்கொள்ள வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார். வாயே திறக்கக் கூடாதவளுக்கு, வாய் திறக்கும்போது முக்காடு எதற்கு? ரோமருக்கு எழுதிய நிருபத்தின் கடைசி அதிகாரத்தையும் பார்க்க வேண்டும். பெபேயாள், பிரிஸ்கில்லாள், மரியாள், யூனியா, பெர்சியாள் என்று பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். பெபேயாளைக் குறிக்க மூலத்தில் நிற்கும் கிரேக்கச் சொல்லும், பிலிப்பியருக்கு எழுதும்போது கண்காணிகளை அடுத்துச் சொல்லப்படும் சபைப் பணியாளரைக் குறிக்கும் சொல்லும் ஒன்றே. நம் தமிழ் வேதாகமத்தில் அவர்கள் உதவிக்காரர், இவள் ஊழியக்காரி. மொழிபெயர்த்தவர்கள் வேண்டுமென்றே செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. தமிழ் மாணவர்களாகிய நாம், ஒரே சொல் ஆணுக்கு ஒரு பதவியாகவும் பெண்ணுக்கு ஒரு வேலையாகவும் எப்படி ஒலிக்கத் தொடங்குகிறது என்பதைக் கவனிக்கலாமல்லவா?

வேதத்தை விட்டு நம் சொந்தச் சரித்திரத்தைப் பார்த்தாலும் இதுவே. 1780-ஆம் ஆண்டு எழுதப்பட்ட பாளையங்கோட்டைச் சபைப் பட்டியலில் 40 பேர். அதில் முதற்பெயர் கிளாரிந்தா என்ற பிராமண விதவையின் பெயர். அவர் முயற்சியால் எழுந்து 1785-இல் பிரதிஷ்டையான ஆலயத்தை ஊரார் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்றே அழைத்தனர். இதற்கு ஒரு நூறாண்டுக்குப் பின், ஏமி கார்மைக்கேல் அம்மையாரோடு மாட்டுவண்டியில் ஊர் ஊராகச் சுவிசேஷம் சொல்லச் சென்ற பெண்கள் கூட்டத்தில் பொன்னம்மாள் என்ற இளம் விதவை இருந்தார். நகைகளைக் கழற்றிவிட்டுத் தெருவில் நடந்த கிறிஸ்தவப் பெண்களைக் கண்டு கிறிஸ்தவ உறவினரே முகஞ்சுளித்த காலம் அது. பின்னர் டோனாவூரில் குழந்தைகளைக் காக்கும் இல்லம் வளர்ந்தபோது அதன் பாரத்தைச் சுமந்தவர்களில் முதன்மையானவர் பொன்னம்மாள். 1915-இல் புற்றுநோயால் இறந்தார். இவர்களெல்லாரும் அமைதியாயிருந்திருந்தால் நமக்குச் சபையே கிடைத்திருக்குமா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது மறுப்பு படித்த நண்பர்களிடமிருந்து வருகிறது. பெண்களுக்கென்று தனிச் சங்கம் எதற்கு, அது பழங்காலத்து அந்தப்புரமல்லவா, இப்போதுதான் பெண்களுக்குக் குருப்பட்டமே கிடைத்துவிட்டதே என்கிறார்கள். இதில் பாதி உண்மை இருப்பதால் பதில் சொல்வது சற்றுக் கடினம். 1947-இல் உருவான தென்னிந்தியத் திருச்சபை 1976-இல் பெண்ணுக்குக் குருத்துவ அபிஷேகம் செய்தது. இங்கிலாந்துத் திருச்சபை அதைச் செய்ய 1994 ஆயிற்று. 2013-இல் புஷ்பலலிதா அம்மையார் நந்தியால் பேராயரானார். இங்கிலாந்தில் பெண் பேராயர் வந்தது அதன்பின், 2015-இல். இது நமக்குப் பெருமையே. எனினும் 1976-லிருந்து 2013 வரை 37 ஆண்டுகள். நான் கண்ட அளவில், பட்டம் பெற்ற பெண் போதகர்களைப் பெரிய சேகரங்களுக்கு அனுப்பத் தயங்குகிறார்கள். பள்ளி விடுதிக்கும் மருத்துவமனைச் சிற்றாலயத்திற்கும் அனுப்பும்போது அந்தத் தயக்கம் இல்லை.

தனிச் சங்கம் வேண்டாம் என்போர் இதை எண்ண வேண்டும். கலந்த கூட்டத்தில் ஆண்கள் பேசி முடித்து, எல்லாரும் கைக்கடிகாரத்தைப் பார்க்கும் நேரமே பெண்களுக்குக் கிடைக்கிறது. ஒரு பெண் நாலு பேர் நடுவில் எழுந்து உரக்க ஜெபித்ததும், குறிப்பேடு எழுதியதும், ரசீது கிழித்ததும் முதன்முதலில் இந்தச் சங்கத்தில்தான். ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட என் பெரியம்மா 1,86,000 ரூபாய்க்குப் பைசா பிசகாமல் கணக்கு வைக்கக் கற்றது எந்தக் கல்லூரியில்? அந்தப்புரத்தில் யாரும் வரவு செலவு எழுதப் பழகியதாகத் தெரியவில்லை. சங்கத்தைக் கலைத்துவிட்டுச் சமத்துவம் என்று பேசினால், பெண்களுக்கு இருந்த ஒரு மேடையும் போய்விடும். கமிட்டியில் ஆண்களின் நாற்காலிகள் அப்படியே இருக்கும்.

ஆனால் சங்கம் இன்றுள்ளபடியே இருக்க வேண்டும் என்றும் நான் சொல்ல மாட்டேன். பெரும்பாலான சபைகளில் போதகரின் மனைவியே பெண்கள் சங்கத் தலைவி. மண்டலம் முழுமைக்கும் பேராயரின் மனைவி. இவரை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. திருமணத்தால் வந்த பதவி. அன்பு அசரியா போன்ற ஒருவர் அமைந்தால் அது சபையின் பாக்கியம். அமையாவிட்டால்? போதகர் மாற்றலாகிப் போனால் தலைவியும் போகிறார். பாதியில் நின்ற வேலை பாதியிலேயே நிற்கிறது. அந்த அம்மையாருக்கும் இது நியாயமன்று. பகலெல்லாம் பள்ளியில் பாடம் நடத்திவிட்டு வரும் ஆசிரியைக்கு, கணவர் போதகர் என்ற ஒரே காரணத்தால் சம்பளமில்லாத மற்றொரு வேலையைத் தலையில் ஏற்றுகிறோம். போதகரே பெண்ணாயிருக்கும் சபைகளில் இந்த வழக்கப்படி அவர் கணவரல்லவா பெண்கள் சங்கத்திற்குத் தலைமை வகிக்க வேண்டும்! வழக்கத்தில் நியாயம் இல்லை என்பதைக் காட்ட இந்த ஒன்று போதும்.

ஆகவே தலைவியைச் சங்கமே தேர்ந்தெடுக்கட்டும். சங்கத்தின் பணம் சங்கத்தின் பெயரில் வங்கியில் இருக்கட்டும். இரண்டு பெண்களின் கையொப்பமின்றி அது வெளியே வரக் கூடாது. தணிக்கை செய்த கணக்கு சபையின் ஆண்டுக் கூட்டத்தில் வாசிக்கப்படட்டும். சபைக்குத் தெரியாமல் மறைவாய் வைத்துக்கொள்ள எதுவும் இல்லை. கமிட்டி கடன் கேட்டால் சங்கம் கூடி, திருப்பித் தரும் தேதியை எழுதி வாங்கிக்கொண்டு கொடுக்கட்டும். இவை புரட்சிகரமான திட்டங்கள் அல்ல. நம் ஊர் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் மரத்தடியில் உட்கார்ந்து மாதாமாதம் இதைத்தான் செய்கின்றன.

இவற்றைத் தீர்மானமாக நிறைவேற்ற வேண்டியது சபையின் பொதுக்கூட்டம். அங்கே கை தூக்க வாக்காளர் பட்டியலில் பெயர் வேண்டும். இங்குதான் நம் மாணவியர் கவனிக்க வேண்டிய ஒரு சங்கதி இருக்கிறது. பல சபைகளில் மாதச் சந்தா குடும்பத் தலைவர் பெயரில் மட்டுமே கட்டப்படுகிறது. அதனால் திடப்படுத்தல் பெற்றுத் திருவிருந்தில் பங்குபெறும் பெண்களின் பெயர்கள் பட்டியல் ஏறாமலே போகின்றன. படிக்க வந்தவர்களோ சொந்த ஊர்ச் சபையிலும் இல்லை, இங்குள்ள சபையிலும் இல்லை என்று இரண்டும் கெட்டான் நிலையில் நிற்கிறோம். சொந்தச் சபைப் போதகரிடமிருந்து அங்கத்தினர் கடிதம் ஒன்று வாங்கி இங்குள்ள தமிழ்ச் சபையில் கொடுத்து, தன் பெயரிலேயே சந்தா கட்டி, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொண்டால் போதும். தேர்தலுக்கு முன் பட்டியல் ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். ஆராதனை முடிந்து வெளியே வரும்போது இரண்டு நிமிடம் நின்று, தன் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டு அக்காவின் பெயரையும் தேட வேண்டும். இல்லையென்றால் அன்றைக்கே செயலாளரிடம் எழுத்து மூலம் மனு கொடுத்துவிட வேண்டும்.